மறைத்துக் கொண்டுதிரிய ஒரு கைத்துவக்கு: அக்கராயனிலிருந்து மருமகனுக்கு எழுதிய முழு வழிகாட்டி

பன்றிக்குக் காவல் இருந்த ஓர் இரவில் அந்த வட்ஸ்அப் வந்தது. அக்கராயன் வயலில் கொட்டிலுக்குள் நான், பக்கத்தில் ஒரு ரோர்ச் லைட், இரண்டு யானை வெடி. டலஸில் இருக்கும் அக்காவின் மகன் கேட்கிறான்: “மாமா, கிளொக் 19 எடுக்கவோ, சிக் 365 எடுக்கவோ? ஒவ்வொரு நாளும் இடுப்பில வைச்சிருக்க.” இரண்டுமே 9 மில்லிமீற்றர் கைத்துவக்கு வகைகள்.

என்னிடம் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஹூஸ்டனில் 11 வருசம் பெற்றோல் செட் ஒன்றில் இரவுவேலை செய்தவன் நான். அதில் 7 வருசம் அனுமதிப்பத்திரத்தோடு இடுப்பில் துவக்கு இருந்தது. ஒருநாளும் வெளியே எடுக்க வேண்டி வரவில்லை. அம்மாவைப் பார்க்க ஊருக்குத் திரும்பமுன் அதை முறைப்படி விற்றுவிட்டேன். அவனுக்குக் குரல்பதிவில் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன், அவனைப் போல இன்னும் சிலர் கேட்பதால்.

முதலில், நீ எங்கே இருக்கிறாய்?

வன்னியில் இருந்து இதை வாசிப்பவருக்கு இந்தக் கட்டுரை அறிவுக்கு மட்டும்தான். இலங்கையில் 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு மட்டுமல்ல, ரவை, அதாவது தோட்டா, வைத்திருப்பதும் குற்றம். கமக்காரர் பயிர்ப்பாதுகாப்புக்கு ஷொட்கன் கேட்டு விண்ணப்பிக்கலாம். ஆனால் சொந்தப் பாதுகாப்புக்கென்று கைத்துவக்கு கிடைப்பது எங்களைப் போன்ற சாதாரண சனத்துக்கு நடக்கிற காரியமில்லை. அப்படிக் கொடுத்திருந்த துவக்குகளைக்கூட மீளாய்வுக்காகத் திருப்பி ஒப்படைக்கும்படி 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு கேட்டது. இடியன் துவக்கு, கட்டுத்துவக்கு என்று காட்டோரத்தில் புழங்குகிறவற்றைப் பற்றி நான் பேசவே வரவில்லை. மிருகத்துக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் அந்தக் கட்டுத்துவக்கில் காலை இழந்தவன் எங்கள் பக்கத்திலும் இருக்கிறான். காணி துப்பரவாக்கும்போது மண்ணுக்குள் கறள்பிடித்த ஏதாவது தட்டுப்பட்டால், மண்வெட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்த அடித்தடத்திலேயே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு அறிவி. ஹலோ ட்ரஸ்ட், மக் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்கள் இத்தனை வருசமாக இங்கே வேலை செய்வது சும்மா இல்லை.

எங்கள் சனம் அதிகம் இருக்கிற நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கும் இந்தக் கேள்வி பொருந்தாது. கனடாவில் 2022 ஒக்டோபர் 21 முதல் தனியார் கைத்துவக்கு வாங்குவது விற்பது முடக்கப்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் 1997 இலேயே கைத்துவக்கு தடை. அவுஸ்திரேலியாவில் தற்காப்பு என்பது துவக்கு வைத்திருக்க ஒரு காரணமாகவே ஏற்கப்படுவதில்லை. ஆக, மிஞ்சுவது அமெரிக்கா.

அங்கேயும் உன்னுடைய விசா என்னவென்று பார். கிறீன் கார்ட் இருப்பவர் வாங்கலாம். மாணவர் விசா, வேலை விசா, சுற்றுலா விசாவில் இருப்பவர்கள் கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகத் துவக்கையோ ரவையையோ வைத்திருக்கவே கூடாது. விதிவிலக்குகள் சில உண்டு. ஆனால் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்காமல் அவற்றை நம்பாதே. “சும்மா றேஞ்சுக்குப் போய் வாடகைத் துவக்கில் நாலு வெடி வைச்சுப் பாப்பம்” என்று நண்பன் கூப்பிட்டாலும் அதே சட்டம்தான். அப்படி விசாவில் இருக்கும் நண்பன் ஒருவனுக்காக நீ உன் பெயரில் வாங்கிக் கொடுத்தால், மாட்டுவது நீயும் சேர்த்துத்தான். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையான வாங்குநர் நீதானா என்று கேட்பார்கள். அதில் பொய் சொல்வது பெருங்குற்றம். குடியுரிமை பற்றிய கனவும் அதோடு போகும்.

டெக்சாஸில் 2021 செப்டெம்பர் 1 முதல் 21 வயதான, சட்டத்தடை இல்லாத ஒருவர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே கைத்துவக்கு கொண்டுதிரியலாம். இருந்தாலும் நான் சொல்வேன், அனுமதிப்பத்திரத்தை எடு. வகுப்பில் சட்டம் படிப்பிக்கிறார்கள். வேறு சில மாநிலங்களும் அதை ஏற்கின்றன. அதற்கான சுடும் சோதனை 50 ரவைகள்: 3 யார் (yard) தூரத்தில் 20, 7 யாரில் 20, 15 யாரில் 10. அதைக்கூடத் தாண்ட முடியாதவன் கடைத்தெருவில் துவக்கோடு நடப்பதில் எனக்கு விருப்பமில்லை.

வாங்கமுன் பத்து நாள் பாரம் சும

இந்தப் படியை வேறெவரும் சொல்லக் கேட்டதில்லை, ஆனால் என் கணக்கில் இதுதான் முக்கியம். ரவை நிரப்பிய கிளொக் 19 ஒன்றின் எடை ஏறக்குறைய 855 கிராம். சிக் 365 வெறுமையாக 505 கிராம் அளவில் நிற்கும். 10 ரவை போட்டால் 600 ஐத் தாண்டும். சமையலறைத் தராசில் 800 கிராம் அளந்து, மணலோ அரிசியோ, ஒரு தடித்த பையில் இறுகக் கட்டு. பெல்ட்டுக்கு உள்ளே, வலது இடுப்பில் செருகு. காலையில் செருகினால் இரவு படுக்கும்போதுதான் எடுக்கவேணும். காரில் ஏறு, கழிப்பறைக்குப் போ, பிள்ளையைத் தூக்கு, கோயிலில் விழுந்து கும்பிடு.

நாலாம் நாள் பலபேர் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்கள். அப்படி வைக்கிறவன் நாளைக்கு உண்மைத் துவக்கையும் அப்படித்தான் கார் இருக்கைக்குக் கீழேயும் மனுசியின் கைப்பைக்குள்ளும் வைப்பான். கார்களை உடைத்துக் களவாடப்படும் துவக்குகள் எங்கே போய்ச் சேரும் என்று சொல்லத் தேவையில்லை. 800 தாங்கவில்லை, 600 தாங்குகிறது என்றால் உனக்கு எந்த அளவுத் துவக்கு வேணும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. இரண்டுமே தாங்கவில்லை என்றால், நல்ல பூட்டும் நல்ல வெளிச்சமும் வாங்கு.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் துவக்கின் விலையோடு சேஃபின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடு. அலுமாரிக்கு மேல், தலையணைக்குக் கீழ் என்பதெல்லாம் ஒளித்துவைத்த கணக்கில் வராது. பிள்ளை அதைப் போன மாதமே கண்டிருக்கும். டெக்சாஸில் 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை எட்டி எடுக்கும்படி ரவை நிரப்பிய துவக்கை விட்டுவைப்பது தனிக் குற்றம்.

கைக்குள் இருக்கிறதா

கடையில் எடுத்துப் பார்க்கும்போது முதலில் ரவைக்கூட்டைக் கழற்றி, ஸ்லைட்டை, அதாவது துவக்கின் மேலே முன்னும் பின்னும் வழுக்கும் இரும்புப் பகுதியை, பின்னே இழுத்து, ரவை போய் நிற்கும் அறை வெறுமை என்று கண்ணாலும் சின்னவிரலாலும் பார். விற்பவர் பார்த்துத் தந்திருந்தாலும் நீயும் பார். பிறகு பிடி. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவட்டைப் பகுதி பிடியின் உச்சியில், ஸ்லைட்டுக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு மேலே இருக்கவேணும். குழல் முன்கையின் நேர்கோட்டில் நிற்கவேணும். அந்த நிலையில் சுட்டுவிரலின் நுனிச்சதை விசையின் நடுவில் இயல்பாக விழுந்தால் அளவு சரி. விரலை எட்டவைக்கத் துவக்கைக் கைக்குள் திருப்ப வேண்டியிருந்தால் பிடி உனக்குப் பெரிது. விலை எவ்வளவு குறைந்தாலும் அதை விட்டுவிடு.

சின்னத் துவக்குகளில் சின்னவிரல் அந்தரத்தில் தொங்கும். அது குற்றமில்லை, ஆனால் உதைப்பை அடக்குவது அந்த விரலும் சேர்ந்துதான். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் சிறியதை நோக்கி ஓடுகிறார்கள். இதில் ஒரு விளக்கக் குறைவு இருக்கிறது. சிறியது ஒளிக்கச் சுகம், சுடக் கஷ்டம். இலேசான துவக்கு கையை அதிகம் உதைக்கும், குழல் குறைவதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறையும், குறி கொஞ்சம் பிசகினாலும் தூரத்தில் அது பெரிதாகத் தெரியும்.

நான் சொல்லும் நடுவழி, மெல்லிய உடம்பும் முழுப் பிடியும் உள்ள வகை. கிளொக் 43எக்ஸ் 28 மில்லிமீற்றர் தடிப்பு, 10 ரவை. கிளொக் 19 இன் தடிப்பு 34. அந்த 6 மில்லிமீற்றர் காகிதத்தில் ஒன்றுமில்லை, இடுப்பெலும்பில் தெரியும். 2018 இல் சிக் 365 வந்தபிறகுதான் இவ்வளவு சிறிய உடம்புக்குள் 10 ரவை அடங்கும் என்றாயிற்று. அதற்குப் பிறகு ஸ்பிரிங்ஃபீல்ட் ஹெல்கட், ஸ்மித் அண்ட் வெசன் ஷீல்ட் பிளஸ் என்று வரிசையாக வந்தன. இவற்றில் எதை எடுத்தாலும் பெரிய பிழையில்லை. கிளொக் 19 ஐ விட்டுவிடு என்றும் சொல்லமாட்டேன். உயரமும் அகலமுமான ஆட்கள், குளிர் மாநிலத்தில் ஜக்கெட் போட்டுத் திரிகிறவர்கள் அதையே எடுக்கலாம். சுடப் பழக அதைவிடச் சுகமானது கொஞ்சம்தான். நீ எங்கள் அப்பாவின் உடம்புவாகு, ஈர்க்குமாதிரி. உனக்கு மெல்லியதுதான்.

கையில் பலம் குறைந்தவர்கள் ஸ்லைட்டை இழுக்க முடியவில்லை என்பார்கள். பாதிப் பேருக்கு அது பலக்குறைவில்லை, பழக்கக்குறைவு. இடதுகையால் ஸ்லைட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வலதுகையால் துவக்கின் உடம்பை முன்னே தள்ளு. கிணற்றுக் கயிறு இழுத்த கைக்கு இது ஒன்றுமில்லை. அப்படியும் முடியாத வயதானவர்களுக்கு ஸ்லைட் இலேசாக இழுபடும் ஷீல்ட் ஈசி வகை இருக்கிறது.

எந்த ரவை

இதில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. 9 மில்லிமீற்றர். கியோர்க் லூகர் 1902 அளவில் வடிவமைத்த அதே 9×19. 1986 மியாமிச் சண்டையில் தன் ஆட்களை இழந்தபிறகு எஃப்.பி.ஐ. பெரிய ரவை தேடி 10 மில்லிமீற்றருக்குப் போனது, பிறகு .40 க்கு (இப்படிப் புள்ளியோடு வருவது அங்குலக் கணக்கு) வந்தது, கடைசியில் 2010 களின் நடுப்பகுதியில் 9 க்கே திரும்பியது. ரவையின் தலை வடிவமைப்பு அந்த இடைக்காலத்தில் நன்றாக முன்னேறியிருந்தது. உதைப்பு குறைவு, கூடுதலான ரவை கொள்ளும், விலையும் குறைவு. .45 இல் உதைப்பும் அதிகம், கொள்ளும் ரவையும் குறைவு. .380 உதைப்பில் மென்மையானது என்று விற்பார்கள், ஆனால் மிகச் சின்னத் துவக்கில் அதுவும் கையைக் கடிக்கும்.

இரண்டு வகை வாங்கவேணும். பயிற்சிக்கு மலிவான உருண்டைத் தலை. கொண்டுதிரிய, குழித்தலை ரவை. அது உள்ளே போனதும் விரிந்து நின்றுவிடும். ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்கும் அப்பாவிக்குப் போகும் வாய்ப்புக் குறையும். எஃப்.பி.ஐ. சோதனையில் தசைக்குப் பதிலாக வைக்கும் ஜெலற்றினுக்குள் 12 முதல் 18 அங்குலம் போவதையே நல்லது என்கிறார்கள். கூடு எத்தனை ரவை கொள்ளலாம் என்பதற்கும் மாநிலச் சட்டம் இருக்கிறது. நியூயோர்க், நியூ ஜேர்சி, கலிபோர்னியாவில் 10 தான். டெக்சாஸில் வாங்கிய 15 ரவைக் கூட்டோடு அங்கே அத்தை வீட்டுக்குக் காரில் போகாதே.

விசையும் பூட்டும்

இன்றைய துவக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு வெளியே சுத்தியல் கிடையாது. விசை முதல் வெடிக்கும் பத்தாம் வெடிக்கும் ஒரே அழுத்தம். பழகச் சுகம். பழைய பெரெற்றா 92 வகையில் முதல் இழுப்பு நீளமாகவும் கடினமாகவும், அடுத்தவை குறுகியதாகவும் இருக்கும். பாதுகாப்பு உணர்வு தரும், ஆனால் இரண்டு வேறு இழுப்பைப் பழகவேணும். 1911 வகை, சுத்தியல் பின்னே நிற்க, வெடிக்காமல் தடுக்கும் பெருவிரல் பூட்டுப் போட்டுக் கொண்டுதிரிவது. பிடித்தவர்களுக்கு உயிர். புதியவருக்கு வேண்டாம்.

கைப்பூட்டு வேணுமா என்பது முடிவில்லாத விவாதம். என் அபிப்பிராயம்: முதல் வருசம் பூட்டு இருக்கட்டும், ஆனால் உருவும் ஒவ்வொரு தடவையும் அதைத் தட்டிவிடும் பழக்கம் கைக்கு வரவேணும். அந்தப் பழக்கத்துக்கு நேரமில்லை என்றால் பூட்டில்லாததை எடுத்து உறையை நம்பு. கிளொக் போன்றவற்றில் விசை, ஊசி, விழுதல் என்று மூன்று உட்பூட்டு உண்டு. ஆனால் மூன்றுமே விசை அழுத்தப்பட்டால் விலகிவிடும். விசையை எதுவும் தொடாமல் பார்ப்பது துவக்கின் வேலையில்லை, உன் வேலை. இன்னொன்று, கிளொக்கைக் கழற்றித் துடைக்க விசையை ஒருமுறை அழுத்தியே ஆகவேணும். கூட்டைக் கழற்றினேன், அறையைப் பார்க்க மறந்தேன், சுவரில் ஓட்டை என்ற கதை எங்கள் வேலைத்தலத்திலேயே நடந்தது. சுவரோடு போனது அன்றைக்கு அதிர்ஷ்டம்.

உறைக்குக் கஞ்சத்தனம் பார்க்காதே

நல்ல துவக்கை வாங்கிவிட்டு 15 டொலர் துணியுறையில் போடுகிறவர்கள்தான் தொடையில் சுட்டுக்கொள்கிறார்கள். உறையைக் கடையில் கையில் எடுத்து மூன்று விசயம் பார். விசைவளையம் முழுக்க மூடியிருக்கவேணும், வெளியிலிருந்து விரலால் அமத்தினாலும் விசை அசையக்கூடாது. துவக்கை உருவியபிறகும் உறையின் வாய் சப்பிப் போகாமல் திறந்தே நிற்கவேணும். தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினாலும் வெறுந்துவக்கு விழக்கூடாது. கைடெக்ஸ் என்ற கடினப் பிளாஸ்ரிக்கில் அந்தத் துவக்குக்கென்றே அச்சிட்ட உறைதான் என் தெரிவு. அதைத் தாங்க விறைப்பான பெல்ட் வேணும். கலியாணவீட்டுக்குப் போடும் மெல்லிய பெல்ட் அரைநாளில் தொங்கிவிடும்.

இடம்? மணிக்கூட்டு முகத்தை இடுப்பில் வைத்துப் பார். வயிற்றுமுன் 1 மணி, வலது இடுப்பு 3 மணி, அதற்குச் சற்றுப் பின் 4. முன்பக்கம் வைத்தால் உருவ விரைவு, காக்கவும் சுகம், ஆனால் குழலின் வாய் தொடை நாளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். புதியவன் 3 இலிருந்து 4 க்குள் தொடங்கட்டும். அங்கே கண்டம் ஒன்றுதான்: குனியும்போது பிடியின் நுனி சேட்டுக்குள்ளால் முட்டித் தெரியும். ஊரில் சேட்டை வெளியே விட்டுத் திரிவோமே, அதே பழக்கம் அங்கே கைகொடுக்கும். கோடுபோட்ட, கட்டம்போட்ட, ஓரளவு தொளதொளத்த சேட் நல்லது. விழுந்ததை எடுக்க இடுப்பால் வளையாமல் முழங்காலால் குந்து. சேலை உடுக்கும் பெண்கள் கைப்பையில் வைக்கத்தான் யோசிப்பார்கள். பை பறிபோனால் துவக்கும் பறிபோகும், பிள்ளை பைக்குள் கைவிடும். சேலை உடுக்கும் நாளில் அதைச் சேஃபில் விட்டுப்போவதே மேல்.

திரும்ப உறைக்குள் வைக்கும்போது அவசரமே இல்லை. சேட்டை இடதுகையால் உயர்த்து, குனிந்து பார், விரல் விசைக்கு வெளியே, மெல்ல விடு. சேட் நுனியும் ஜக்கெட் நாடாவும் விசையில் சிக்கி வெடித்த சம்பவங்கள் உண்டு.

சுட்டுப்பார்த்து எடு

உன் பட்டியல் இப்போது இரண்டு மூன்றுக்கு வந்திருக்கும். வாடகைத் துவக்கு தரும் றேஞ்சுக்குப் போய் ஒவ்வொன்றிலும் 50 ரவை சுடு. முதல் 10 ஐ வைத்துத் தீர்ப்பு எழுதாதே. 40 ஆவது ரவையில் கை நோகிறதா, குறி கூடுகிறதா குலைகிறதா என்று பார். 7 யாரில் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தால் போதும். வாங்கியபிறகு குறைந்தது 200 ரவை, அதில் நீ கொண்டுதிரியப்போகும் குழித்தலையில் 50 ஆவது, ஒருதடவையும் சிக்காமல் ஓடவேணும். சிக்கினால் முதலில் உன் மணிக்கட்டைப் பார். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைட் முழுதாகப் பின்னே போகாது, சுட்ட ரவையின் வெற்றுக்கோது வாயில் நட்டுக்கொண்டு நிற்கும். பிறகு ரவைக்கூட்டை மாற்றிப் பார். அதற்கும் பிறகுதான் துவக்கைக் குறைசொல்லலாம்.

வீட்டில் வெறுந்துவக்குப் பயிற்சி செய்யும்போது ரவை அந்த அறையிலேயே இருக்கக்கூடாது. மாதம் ஒருமுறை றேஞ்ச். வியர்வை உப்பு இரும்பைத் தின்னும், ஹூஸ்டன் ஈரப்பதன் முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் குறைந்ததில்லை, ஆகவே வாரம் ஒருமுறை ஒரு துளி எண்ணெயும் துணியும்.

தெருவில்

தபாற்கந்தோர், கூட்டாட்சிக் கட்டடம், பாடசாலை, விமானநிலையச் சோதனைக்கு அப்பால், 51 வீத எழுத்துப் பலகை (வருமானத்தில் பாதிக்கு மேல் மதுவால் என்று பொருள்) போட்ட மதுச்சாலை: இவற்றுக்குள் கொண்டுபோகாதே. கடை வாசலில் 30.05, 30.06, 30.07 என்ற சட்டப்பிரிவு இலக்கங்களோடு துவக்கைத் தடுக்கும் அறிவித்தல் இருக்கிறதா என்று வாசித்துப் பழகு. பியர்லாண்ட் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போகும் வெள்ளிகளில் நான் வீட்டிலேயே விட்டுவிடுவேன். அதைச் சட்டத்துக்காகச் செய்யவில்லை, எனக்கு மனம் ஒப்பவில்லை. குடித்தால் துவக்கு இல்லை, துவக்கு இருந்தால் குடி இல்லை.

பொலிஸ் மறித்தால் உள்விளக்கைப் போடு, இரண்டு கையையும் ஸ்ரியரிங்கில் வை, அனுமதிப்பத்திரம் இருப்பதையும் துவக்கு எங்கே இருக்கிறது என்பதையும் வாயால் சொல், கையால் காட்டாதே. அந்தக் கால ஓமந்தை இராணுவச் சோதனைச்சாவடியில் கையை எங்கே வைக்கவேணும் என்று பழகின சனத்துக்கு இதைப் புதிதாகப் படிப்பிக்கத் தேவையில்லை. உன் அம்மாவைக் கேள், சொல்லுவா.

ஊருக்கு வரும்போது

ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வரப்போவதாகச் சொன்னாய். துவக்கு சேஃபுக்குள், சேஃப் பூட்டி. விசாவில் இருக்கும் அறைத்தோழனிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வராதே, அது அவனையும் உன்னையும் சேர்த்துக் குற்றவாளி ஆக்கும். றேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை எக்காரணத்துக்கும் பயணப்பையாக்காதே. காலணி, காற்சட்டை மடிப்பு, ஜக்கெட் பொக்கற் எல்லாம் தட்டிப் பார். சுட்டு வெளியே தெறிக்கும் கோது கழுத்துப்பட்டிக்குள்ளும் பொக்கற்றுக்குள்ளும் விழும். கட்டுநாயக்கா விமானநிலையத்தில் அதற்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது நல்ல விடுமுறைத் தொடக்கமில்லை, அதுவும் கிளிநொச்சி என்று அடையாள அட்டையில் இருக்கிறவனுக்கு. நான் கடைசியாக ஹூஸ்டனில் இருந்து கிளம்பிய இரவு, பையெல்லாம் பூட்டி வாசலுக்கு வந்தபிறகு, போட்டிருந்த ஜக்கெட்டின் உள்பொக்கற்றில் ஏதோ உருண்டது. 9 மில்லிமீற்றர் வெற்றுக்கோது. எத்தனை மாதம் அங்கே கிடந்ததோ. கோதைக் குப்பையில் போட்டுவிட்டு, ஜக்கெட்டையும் ஆணியில் கொழுவிவிட்டு, குளிரில் நடுங்கிக்கொண்டு ரக்சியில் ஏறினேன்.